குடிக்கூலியும் குடியிருப்புரிமையும்

புகாரிலிருந்து நடந்து வந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் முதற்கவலையாக நின்றது தங்குமிடமே. கவுந்தியடிகள் அவர்களை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் ஒப்படைத்த செய்தியை இளங்கோவடிகள் ‘அடைக்கலக் காதை’ எனத் தனியொரு காதையாகவே அமைத்தார். வேற்றூரில் அறிந்தவர் ஒருவர் பரிந்துரைத்தால்தான் கூரை கிடைக்கும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. வள்ளுவர் நிலையாமையைக் கூறும் அதிகாரத்தில் ‘துச்சில்’ என்றொரு சொல்லை ஆள்கிறார். பிறர் மனையில் ஒதுங்கியிருக்கும் இடம் என்பது அதன் பொருள். உடம்பில் உயிர் தங்கியிருக்கும் உறுதியற்ற நிலையை விளக்க வந்த பெரும்புலவர்க்கு, பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்பவனின் நிலையே உவமையாகக் கிடைத்தது.

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வுவமையின் பொருளை உரையாசிரியர் துணையின்றியே உணர முடியும். கரோல்பாகின் மாடிப் ‘பர்சாதி’யிலும், மாதுங்காவின் ஓரறை வீட்டிலும், தென் கல்கத்தாவின் ஒண்டுக் குடித்தனத்திலும் தொடங்கியவை நம்முள் பலருடைய குடும்ப வரலாறுகள். மாதப் பிறப்பில் வாடகையை எண்ணி வைத்த கை, “அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள்” என்ற ஒரு சொல்லில் நடுங்கியதும் அவ்வரலாற்றின் பகுதியே. மொழி தெரியாது; ஊரில் செல்வாக்கு இல்லை; பிள்ளைகளின் பள்ளி ஆண்டு பாதியில் நிற்கிறது. இந்நிலையில் காரணமின்றி வெளியேற்றப்படுபவனுக்குச் சட்டம் என்ன துணை செய்தது? அத்துணை எப்போது, எவ்வாறு பிறந்தது? இன்று அதில் எஞ்சியிருப்பது எவ்வளவு? இவற்றைக் கால வரிசையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தம் ஒன்றே ஆண்ட காலம்

பிரிட்டிஷ் ஆட்சி இந்நாட்டுக்கு வகுத்த பொதுச்சட்டங்களுள் ஒன்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவை அது ஓர் ஒப்பந்தமாக மட்டுமே கண்டது. மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற அதன் 106-ஆம் பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு போதும். ஏன் வெளியேற வேண்டும் என்று கேட்க வழியில்லை. வாடகையை இரு மடங்காக உயர்த்துவதற்கும் தடையில்லை. கொடுக்கவும் கொள்ளவும் இருவரும் சமமானவர்கள் என்ற எண்ணத்தின் மீது எழுப்பப்பட்ட சட்டம் அது. வீடுகள் மிகுந்தும் ஆட்கள் குறைந்தும் உள்ள ஊரில் அவ்வெண்ணம் பொருந்தலாம். பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவியும் நகரில் ஒருவர் கையில் திறவுகோலும் மற்றவர் கையில் மூட்டை முடிச்சும் இருக்கும்போது, சமநிலை என்பது ஏட்டளவில்தான் நிற்கும்.

ஆயினும் அக்காலச் சட்டத்திலேயே நல்விதை ஒன்றும் இருந்தது. 1877-ஆம் ஆண்டின் தனிப் பரிகாரச் சட்டம், தம் இசைவின்றியும் சட்ட முறைக்கு மாறாகவும் இடத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அவ்விடத்தைத் திரும்பப் பெறலாம் என்று 9-ஆம் பிரிவில் கூறியது. இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அவ்வழக்கில் எழாது. சொந்தக்காரரே வெளியேற்றியிருந்தாலும், வலுவந்தமாக வெளியேற்றியிருந்தால், முதலில் இடத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பின்னரே உரிமை பேச வேண்டும். 1924-ஆம் ஆண்டில், மிட்னாப்பூர் ஜமீன் கம்பெனி வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சிலும் இக்கொள்கையை உறுதி செய்தது. இந்தியாவில் எவரும் வலுவந்தமாக இடத்தைக் கைப்பற்றலாகாது, நீதிமன்றத்தின் வழியாகவே பெற வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1963-இல் அச்சட்டம் புதிதாக இயற்றப்பட்டபோது இவ்விதி 6-ஆம் பிரிவாக இடம் பெற்றது. 1968-இல் நம் உச்சநீதிமன்றமும் இதே நெறியை ஏற்றுக்கொண்டது.

கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள்

வாடகைக் கட்டுப்பாடு என்ற கருத்து சட்ட அறிஞர்களின் நூலகத்தில் பிறந்ததன்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தெருக்களில் அது உருப்பெற்றது. கப்பல் தளங்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய மக்கள் அந்நகரில் வந்து குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, வீட்டில் இருந்த பெண்களே அச்சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. கோவன் என்னும் பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணி அவர்களை ஒன்று திரட்டினார். உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்து ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வரை அப்போராட்டத்தில் இணைந்தன. வெளியேற்ற அமீனா வரும்போது ஒருத்தி மணியடிப்பாள். மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாடிப்படியை மறித்து நிற்பார்கள். வந்தவர்மீது மாவுப் பொட்டலங்கள் பறக்கும்.

அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் வாடகை பாக்கிக்காகத் தொழிலாளர் சிலர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்து அந்நீதிமன்றத்தைச் சூழ்ந்தனர். போர்த் தளவாட உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அரசு விரைந்து செயல்பட்டது. டிசம்பர் மாதத்துக்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த அளவிலேயே சிறு வீடுகளின் வாடகை நிறுத்தி வைக்கப்பட்டது. வாடகை செலுத்தி வருபவரைக் காரணமின்றி வெளியேற்றவும் தடை பிறந்தது.

இவ்விரு விதிகளும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். வாடகையை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு வெளியேற்றும் அதிகாரத்தை விட்டுவைத்தால், வீட்டுக்காரர் இருப்பவரை அனுப்பிவிட்டு வருபவரிடம் கூடுதலாகப் பெறுவார். வெளியேற்றுவதை மட்டும் தடுத்துவிட்டு வாடகையை விட்டுவைத்தால், கட்ட இயலாத அளவுக்கு உயர்த்தி, இருப்பவர் தாமாகவே வெளியேறும்படி செய்வார். எனவே உலகெங்கும் இவ்விரண்டும் சேர்ந்தே வந்தன.

பம்பாயும் கல்கத்தாவும் இரங்கூனும்

போர்க்கால நெருக்கடி இந்நாட்டுத் துறைமுக நகரங்களையும் விட்டு வைக்கவில்லை. 1918-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணம் போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1920-இல் கல்கத்தாவுக்கும், அன்று இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவின் இரங்கூனுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. இம்மூன்று நகரங்களிலும் தமிழர் திரளாகக் குடியேறியிருந்தனர் என்பதை எண்ணும்போது, இச்சட்டங்கள் நம் முன்னோர் சிலருடைய வாழ்விலும் நிழல் தந்திருக்கும் எனக் கொள்வது தவறாகாது. ஆனால் அவை தற்காலிகச் சட்டங்களே. பம்பாய்ச் சட்டம் 1928-இல் முடிவுக்கு வந்தது. ஒப்பந்தத்தின் ஆட்சி மீண்டும் திரும்பிற்று.

இரண்டாம் உலகப் போர் மூண்டவுடன் 1939-லேயே பம்பாயில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-இல் இயற்றப்பட்ட பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையையே நிலைவாடகையாக வகுத்தது. சென்னை மாகாணமும் 1946-இல் தனக்கெனக் கட்டட வாடகைச் சட்டம் ஒன்றை இயற்றிப் பின்னர் 1949-இலும் 1960-இலும் அதனைப் புதுப்பித்தது.

பம்பாய்ச் சட்டத்தில் 1973-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் ஒன்று நம்மவர்க்குப் பெரிதும் தொடர்புடையது. வாடகை என்று எழுதினால் சட்டம் குறுக்கிடும் என்பதால், ‘அனுமதி’ என்று எழுதிக்கொண்டு அறைகளைக் கொடுக்கும் வழக்கம் அந்நகரில் பரவியிருந்தது. அனுமதிதாரருக்கு எவ்வுரிமையும் இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் இவ்வாறே குடியேறினர். 1973 பிப்ரவரி முதல் நாளில் நடப்பிலிருந்த அனுமதி ஒப்பந்தத்தின்கீழ், ஓர் அறைக்குக் குறையாத இடத்தில் இருந்தவர்கள் அனைவரும் வாடகைதாரர்களாகவே கருதப்படுவர் எனத் திருத்தம் கூறியது. ஒரே நாளில், சட்டத்தின் கண்ணில் விருந்தாளியாக இருந்தவர் குடியானார். பெயரைக் கண்டு ஏமாறாது உறவின் உண்மையைக் கண்ட திருத்தம் அது.

தலைநகரின் கதை

1931-இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டபோது அது அரசாங்க அலுவலருக்கென அமைந்த நகரம். உயர் அலுவலருக்கு மாளிகையும் கீழ்நிலை எழுத்தருக்கு வரிசை வீடுகளும் கட்டப்பட்டன. அவை போதாமற் போனபோது தனியார் வீடுகளே புகலிடமாயின. போர் தொடங்கியதும் அலுவலகங்கள் பெருகின. 1939-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் புதுதில்லிக்கு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1941-ஆம் ஆண்டின் பஞ்சாப் நகர வாடகைச் சட்டம் அடுத்த ஆண்டே தில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. 1947-இல் தில்லிக்கும் அஜ்மீர்-மேர்வாராவுக்குமாக ஒரு சட்டம் வந்தது.

அதே ஆண்டில் நாடு பிளவுண்டது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் தில்லிக்கு வந்தனர். 1941 மக்கள்தொகைக் கணக்கில் 9.18 லட்சமாக இருந்த தில்லி மாகாணம், 1951 கணக்கில் 17.44 லட்சமாகப் பெருகியிருந்தது. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு! அனைத்தையும் இழந்து வந்து, கிடைத்த மனையில் கட்டிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைத்த பஞ்சாபிக் குடும்பமும், மாதச் சம்பளத்தை நம்பி அவ்வீட்டு மாடியில் குடியேறிய தமிழ்க் குடும்பமும் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்து வாழ்ந்தன. இவ்விரு சாராரில் எவரையும் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. இருவருக்கும் இடம் தேவையாயிருந்தது, இடம்தான் போதவில்லை. 1952-இல் மற்றொரு சட்டமும், இறுதியாக 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. இறுதியில் வந்த சட்டம் 1959 பிப்ரவரி 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து இன்றளவும் ஏட்டில் நிற்கிறது.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அரண்

இச்சட்டத்தின் இதயம் அதன் 14-ஆம் பிரிவு. வேறெந்தச் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ எது எழுதப்பட்டிருந்தாலும், பிரிவில் எண்ணிச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றை மெய்ப்பித்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற ஆணையிடலாகாது என்று அது தொடங்குகிறது. ‘ஏன்’ என்று கேட்கும் உரிமை இவ்வாறு சட்டமாயிற்று. வாடகை செலுத்தாமை, எழுத்து மூலமான இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், இடத்தை வேறு பயனுக்கு மாற்றுதல், தாமும் தம் குடும்பத்தாரும் ஆறு மாதம் குடியிராமை, வேறு வீடு கிடைத்துவிடுதல், வீட்டுக்காரருக்கே மெய்யான தேவை ஏற்படுதல் ஆகியவை அக்காரணங்களுள் முதன்மையானவை.

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு காப்பும் வைக்கப்பட்டிருந்தது. வாடகை பாக்கி எனில் அறிவிப்புக் கிடைத்து இரண்டு மாத அவகாசம் உண்டு. வழக்குக்கு வந்த பின்னரும், நீதிமன்றம் ஆணையிட்ட ஒரு மாதத்துக்குள் பாக்கியைச் செலுத்தினால் முதல் முறை மன்னிப்பு உண்டு. வீட்டைப் புதிதாக விலைக்கு வாங்கியவர், தமக்குத் தேவை என்று கூறி ஐந்தாண்டு வரை வழக்கிட முடியாது. தேவை மெய்ப்பிக்கப்பட்டு ஆணை பிறந்தாலும் வெளியேற ஆறு மாதத் தவணை உண்டு. தமக்கு வேண்டும் என்று சொல்லிக் காலி செய்வித்த வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்குள் குடிவராமற்போனாலோ, மூன்றாண்டுக்குள் அனுமதியின்றி வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் மனுச்செய்து திரும்பக் குடியேறலாம். வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பின்னர் ‘பாக்கி’ என்று வழக்கிடும் தந்திரத்துக்கு மாற்றாக, வாடகையைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே செலுத்தலாம் என 27-ஆம் பிரிவு கூறிற்று. ரசீது பெறும் உரிமையை 26-ஆம் பிரிவு தந்தது. குழாயை மூடியும் மின்சாரத்தை அறுத்தும் துரத்துவதை 45-ஆம் பிரிவு குற்றமாக்கியது. ‘பகடி’ என்ற பெயரில் பெறப்படும் கள்ள முன்பணத்தை 5-ஆம் பிரிவு விலக்கிற்று.

மெய்யான தேவை எது என்பது குறித்து நீதிமன்றங்களில் எழுந்த வாதங்கள் பல. வெறும் விருப்பம் தேவையாகாது, அவ்விருப்பத்துக்கு அடியில் உண்மையான தேவை இருப்பதை வீட்டுக்காரர் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1974-இல் உச்சநீதிமன்றம் கூறிய விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1979-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் ஏழு நீதிபதிகள் கொண்ட பேராயம், வாடகைச் சட்டத்தின்கீழ் வழக்கிடுவதற்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பு தேவையில்லை என்று தீர்த்தது. இனி அறிவிப்பில் உள்ள எழுத்துப் பிழையைக் காட்டி வழக்கை ஒத்திப்போட இயலாது. காரணம் உண்டா இல்லையா என்பதே கேள்வி என அத்தீர்ப்பால் தெளிவாயிற்று.

1975-ஆம் ஆண்டின் திருப்பம்

1975-ஆம் ஆண்டு நெருக்கடி நிலைக் காலத்தில் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. தில்லியில் சொந்த வீடு வைத்துக்கொண்டு அரசு வீட்டிலும் வாழும் அலுவலர், அரசு வீட்டைக் காலி செய்ய வேண்டும். இன்றேல் சந்தை வாடகை செலுத்த வேண்டும். அவர்கள் தம் சொந்த வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். அவ்வேறொருவர் பெரும்பாலும் அரசு வீட்டுக்கான வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மற்றோர் அரசு ஊழியர்! மேலதிகாரி தம் வீட்டுக்குத் திரும்புவதற்காகக் கீழ்நிலை எழுத்தர் தெருவுக்கு வரவேண்டிய நிலை ஏற்பட்டது. இதற்கென 14-அ என்ற புதிய பிரிவும், விரைவு நடைமுறையைக் கூறும் 25-ஆ என்ற பிரிவும் அவசரச் சட்டத்தால் சேர்க்கப்பட்டு, 1975 டிசம்பர் முதல் நாளிலிருந்து செயல்பட்டன.

விரைவு நடைமுறை அரசு ஊழியரின் வீடுகளோடு நிற்கவில்லை. சொந்தத் தேவைக்கான எல்லா வழக்குகளுக்கும் பொருந்திற்று. இதன்படி அழைப்பாணை கிடைத்த 15 நாளுக்குள் குடியிருப்பவர், வழக்காட அனுமதி கோரிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் வீட்டுக்காரர் கூறியதனைத்தும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகும்; வெளியேற்ற ஆணை உடனே பிறக்கும். மேல்முறையீடு கிடையாது, உயர்நீதிமன்றத்தின் சீராய்வு மட்டுமே உண்டு. இத்தாமதத்தை மன்னிக்கக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதிகாரமில்லை என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தோம், இந்தியில் இருந்த தாளைப் படிக்கத் தெரியவில்லை என்பன போன்ற காரணங்களை அங்கே கேட்பாரில்லை. நல்ல வழக்கு உடையவரும் நாளைத் தவறவிட்டு வீட்டை இழக்க இடமுண்டு. புலம்பெயர்ந்து வாழும் குடும்பம் எதுவும் இந்த 15 நாட்களை மறத்தலாகாது.

வீட்டுக்காரரின் நியாயம்

மறுபக்கத்தையும் நோக்காமற்போவது நேர்மையாகாது. 1940-ஆம் ஆண்டின் வாடகை 1990-இலும் தொடர்ந்தால் வீட்டைப் பழுதுபார்க்கவும் அது போதாது. பம்பாயின் பழங்கட்டடங்கள் மழைக்காலந்தோறும் இடிந்து விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கணவரை இழந்து, வாடகை வருவாய் ஒன்றையே நம்பியிருந்த பெண்கள், தம் வீட்டிலேயே தமக்கு இடமின்றி நீதிமன்ற வாயிலில் நின்றதும் உண்டு. 1988-ஆம் ஆண்டுத் தில்லித் திருத்தம் கைம்பெண்களுக்கும், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்க்கும், படையினர்க்கும் தம் வீட்டை விரைவில் பெறத் தனிப் பிரிவுகளை அமைத்தது. மூன்றாண்டுக்கு ஒரு முறை 10 விழுக்காடு வாடகை உயர்வுக்கும் வழி செய்தது. 1997-இல் உச்சநீதிமன்றம், பம்பாய்ச் சட்டத்தின் உறைந்துபோன நிலைவாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று கூறிற்று. அதன்பின் வந்த 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது.

இவ்வகையில் நோக்குமிடத்து, குடியிருப்பவரின் பாதுகாப்பும் வீட்டுக்காரரின் வருவாயும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பது புலனாகும். காலத்துக்கேற்ற வாடகை பெறும் உரிமை ஒன்று. காரணமின்றி வெளியேற்றும் உரிமை மற்றொன்று. முன்னதைக் கொடுப்பதால் பின்னதையும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் தில்லியில் நடந்தது வேறு.

3,500 ரூபாய் என்ற எல்லைக்கோடு

அதே 1988-ஆம் ஆண்டுத் திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களை இச்சட்டத்தின் எல்லையிலிருந்தே நீக்கிவிட்டது. அன்று அது பெருந்தொகை. செல்வருக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு என்ற வாதம் பொருத்தமாகவே தோன்றிற்று. 1994-இல் உச்சநீதிமன்றமும் இவ்வரம்பை ஏற்றது. இதற்கு மாறாக, தமிழ்நாட்டுச் சட்டத்தில் 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பில்லை என்றிருந்த விதியை, வணிக இடங்களுக்கு அத்தகைய வரம்பில்லாதபோது குடியிருப்போருக்கு மட்டும் வைத்தது சமத்துவத்துக்கு முரண் என்று 1986-இல் அதே உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியிருந்தது.

ஆண்டுகள் உருண்டன, விலைவாசி உயர்ந்தது, 3,500 என்ற எண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இன்று தில்லியில் அத்தொகைக்கு ஒரு குடும்பத்துக்கான வீடு கிடைப்பது அரிது. ஆகவே பழைய குடித்தனங்களைத் தவிர, புதிதாக வந்து குடியேறும் நம் பிள்ளைகள் எவருக்கும் பெரும்பாலும் 14-ஆம் பிரிவின் அரண் இல்லை. “வாடகைக்கு இருப்பவரை எளிதில் அசைக்க முடியாது” என்று பெரியவர்கள் சொல்லிவரும் சொல் அவர்கள் காலத்து உண்மை. இன்றைய இளைஞர் அதை நம்பி அமர்ந்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். செல்வரை நோக்கி வரைந்த கோடு, இடம் பெயராமலே, எளியோரின் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

1995-இல் பாராளுமன்றம் தில்லிக்குப் புதியதோர் வாடகைச் சட்டத்தை நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. வணிகர்களின் கடும் எதிர்ப்பால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. தமிழ்நாடு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரியில் செயலுக்குக் கொண்டுவந்தது. 2021 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றை ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பியது. எழுத்து மூலமான ஒப்பந்தம், குடியிருப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேற்படாத முன்பணம், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தத் தடை ஆகியன அதன் நற்கூறுகள். தவணை முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும் அதன்பின் நான்கு மடங்கும் தர வேண்டும் என்பது அதன் கூர்முனை.

சேலத்து உழைப்பாளி ஒருவரின் வழக்கு

வாடகைச் சட்டங்களின் கதையில், அச்சட்டங்களுக்குள்ளேயே வர இயலாதோரின் கதையையும் சேர்த்தல் வேண்டும். 1961-இல் வறட்சியால் பிழைப்பிழந்து சேலத்திலிருந்து பம்பாய்க்கு வந்த நிலமற்ற உழைப்பாளி ஒருவரின் செய்தி உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. நெடுஞ்சாலையோர நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு மறைப்புக்காக அவரிடம் குடிசைப் பகுதியின் வல்லாளன் ஒருவன் 2,500 ரூபாய் பறித்தான். ரசீது ஏது? 1981 ஜூலை 23-ஆம் நாள் காலை மாநகராட்சியினர் அம்மறைப்பைப் பிரித்தெறிந்தனர். அவரும் மனைவியும் மூன்று பெண் மக்களும் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மட்டும் மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். வேலை அங்கேதான் இருந்தது.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், 1985 ஜூலை 10-ஆம் நாள் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் பிழைக்கும் வழியும் அடங்கும் என்று அது அறிவித்தது. பிழைக்கும் இடத்திலிருந்து ஒருவனை அகற்றுவது அவன் வாழ்வையே பறிப்பதாகலாம் என்பதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவோடு இணைத்துக் காட்டியது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், முன்னறிவிப்புத் தந்து அகற்றலாம் என்றும் முடித்தது. மழைக்காலம் கழியும் வரை, அதாவது அவ்வாண்டு அக்டோபர் 31 வரை, இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்கையில் பெருவெற்றியும் நடைமுறையில் சிறு தவணையும் கிடைத்தன. இந்திய அரசியலமைப்பின் வரலாற்றில் இத்துணை பெரிய தீர்ப்புக்கு அடிக்கல் ஆனவர்களுள் ஒருவர் நம் சேலத்து ஏழை என்பதை நம் சங்கங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

எஞ்சி நிற்பவை

அரண்கள் சுருங்கிவிட்ட இக்காலத்திலும் சில காப்புகள் உறுதியாக நிற்கின்றன. வாடகை எத்துணை உயர்ந்ததாயினும் எந்த வீட்டுக்காரரும் பூட்டை உடைத்தோ, சாமான்களை வெளியே எறிந்தோ, ஆள் வைத்து மிரட்டியோ வெளியேற்ற முடியாது. நீதிமன்ற ஆணை வேண்டும். வலுவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி வழக்கிடலாம். ஆறு மாதம் கடந்துவிட்டால் அக்கதவு மூடிவிடும். மாதக் குடித்தனத்தை முடிக்க, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாத வரை, 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 நாள் அறிவிப்பு இன்றும் தேவை.

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுவதன் காரணத்தையும் அறிதல் நன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்க எழுந்த வழக்கமே 11 மாதம். இதனால் ஆண்டுதோறும் நம் குடியிருப்பு வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்ததாகிறது. பிள்ளைகளின் படிப்பை எண்ணி ஓரிடத்தில் நிலைத்திருக்க விரும்புவோர், செலவைப் பாராது இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளல் நலம். அத்தவணைக்குள், வாடகையைத் தவறாது கட்டி ஒப்பந்த விதிகளின்படி நடப்பவரை, அதில் கூறாத காரணத்தைக் காட்டி எவரும் அசைக்க முடியாது.

தாள்களைப் பேணும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போதிய அளவில் இல்லை. என்னைப் போன்ற எழுத்தர்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு துண்டுத்தாளுக்கும் கோப்பு எண் இடுகிறோம். வீட்டு வாடகை ரசீதையோ அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்து மறந்துவிடுகிறோம். முன்பணம் கொடுத்த நாள், வாடகை கட்டிய சான்று, ஒப்பந்தத்தின் படி, வீட்டுக்காரர் எழுதிய கடிதம் ஆகிய நான்கையும் ஓர் உறையில் இட்டு வைப்பதற்குச் சட்டப் புலமை வேண்டியதில்லை. வழக்கென்று வந்தால் பேசுபவை அவைதாம்.

நீதிமன்றத்திலிருந்து ஒரு தாள் வந்தால் அதை அன்றே படிப்பித்து அறிய வேண்டும் என்பதை மேலே கண்டோம். புதிதாக வந்திறங்கும் இளந்தம்பதியருக்கு அதைப் படித்துச் சொல்ல இந்நகரில் யார் இருக்கிறார்கள்? நம் சங்கத்தில் வழக்கறிஞர்கள் உள்ளனர்; ஓய்வு பெற்ற நீதித்துறை ஊழியர்கள் உள்ளனர்; இந்தியும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அறிந்த எழுத்தர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நூலக அறையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒப்பந்தத்தையும் அறிவிப்பையும் கொண்டு வருபவர்க்குப் படித்துப் பொருள் கூறும் பணியை நாம் மேற்கொள்ளலாம். சிலம்பு காட்டும் மதுரைப் புறஞ்சேரியில் ஒரு கவுந்தியடிகள் செய்ததை, இத்துணைப் பேர் கூடியுள்ள சங்கம் செய்வது அரிதாகாது. நிர்வாகக் குழு இதனைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.